மனு முடிகிறவரை ஒரு சீட்டு

26-9-1996, வியாழன்

முருங்கைக்காய் மலிவு. அதைத் தவிர இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். காலை ஆகாரம் முடிந்ததும் வக்கீல் ஞானசம்பந்தன் வந்தார். என் வீட்டுக்காரரிடம் ஜூனியராக இருந்தவர். அவருக்கே தலை நரைத்துவிட்டது. இன்னும் என் முன்னால் நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டார்.

"அம்மா, மேலத்தெரு வீடு பூட்டித்தான கெடக்கு?"

"வாடகைக்கு விடுறதில்லன்னு ஒனக்குத் தெரியாதா?"

"வாடகை குடுக்கிற ஆளுக இல்லம்மா. யாழ்ப்பாணத்துக்காரங்க. மாமியாரும் மருமகளும்."

படகில் வந்திருந்தால் நேரே முகாமில் சேர்த்திருப்பார்களாம். இவர்கள் விசா வாங்கி விமானத்தில் திருச்சிக்கு வந்துவிட்டார்கள். இனி ஊருக்குத் திரும்ப முடியாது, அகதிகளாக ஏற்று முகாமில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனு போட்டிருக்கிறார்கள். முகாமில் இருப்பவர்களுக்கு சர்க்கார் உதவிப் பணம் உண்டு. மனு முடிவாகும்வரை இவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. வேலைக்கும் போகக் கூடாது. மனு தள்ளுபடியானால் திரும்பிப் போ என்பார்கள்.

"அதுவரைக்கும் எதைத் திங்கச் சொல்லுதான் சர்க்கார்?" என்று கேட்டேன்.

"அதத்தாம்மா நானும் கேக்கேன்."

சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் யோசித்தேன். யோசித்தும் வருத்தமில்லை. முருங்கைக்காய் சாம்பார் இன்றைக்கு ஏனோ ருசியாக இருந்தது.

28-9-1996, சனி

வந்துவிட்டார்கள்! மருமகள் பெயர் தவமலர். முப்பத்தைந்து இருக்கும். நிமிர்ந்த நடை. மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். தவமலரின் கணவன் இல்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை.

சோதித்துப் பார்ப்போம் என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை போட்டேன். பட்டென்று இங்கிலீஷிலேயே பதில் வந்தது, உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராம். படித்தது கான்வென்ட். எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒருத்தியோடு பேசி! இந்தத் தெருவில் நான் இங்கிலீஷில் பேசினால் பதில் சொல்ல வானொலிதான் உண்டு, அதுவும் நான் சொன்னதற்கு இல்லை.

29-9-1996, ஞாயிறு

தூக்கமே இல்லை. திட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் தெருவில் இறங்கி ஒவ்வொரு படியாக ஏறினேன். மனு முடிகிறவரை மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம். முடியாது என்று யாரும் சொல்லவில்லை, நான் நேரில் போய் நின்றால் எப்படிச் சொல்வார்கள்? எதிர்வீட்டு மஹாலக்ஷ்மி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமி, துட்டாவா குடுக்கப் போறேள்? கண்டபடி செலவழிச்சுட்டா?"

நியாயம். நானும் அதையே யோசித்து வைத்திருந்தேன். காசு கிடையாது. பொருள். நான் படித்த கான்வென்ட் போர்டிங்கில் எங்கள் கையில் காசு கொடுத்ததே இல்லை. வீட்டிலிருந்து வருவதை சிஸ்டர் வாங்கி வைத்துக்கொள்வார். சோப்பு வேண்டுமா, நூல் வேண்டுமா, சிஸ்டரிடம் சொன்னால் அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார். நாங்கள் கெட்டா போனோம்? ஒழுங்கு வந்தது.

1-10-1996, செவ்வாய்

அசன் மைதீன் கடையில் ஏற்பாடு முடிந்தது. நான் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். தவமலர் சீட்டைக் கொடுத்துச் சாமான் வாங்கிக்கொள்வாள். மாதக் கடைசியில் நான் கணக்குத் தீர்ப்பேன். அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், காப்பிப்பொடி, சோப்பு. பூ, பவுடர், பத்திரிகை கிடையாது.

"சீட்டுல இல்லாததக் கேட்டா, ஆச்சி?"

"தரக் கூடாது."

"சீட்டுல உள்ளத வேண்டாம்னு சொல்லி, அதுக்குத் துட்டு கேட்டா?"

"யாரு கேட்டாலும் கையில காசு தரக் கூடாது அசன்."

"ஆச்சி சட்டம்னா கலெக்டர் சட்டத்துக்கு மேலயில்லா" என்று தராசுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தால் வருகிற சந்தோஷம்! வீட்டுக்கு வரும் வழியில் கால்வலி தெரியவில்லை.

6-10-1996, ஞாயிறு

அவர்கள் காப்பி குடிப்பதில்லையாம்! தேயிலைதான். பால் சேர்க்காமல், சர்க்கரையைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு. காப்பிப்பொடி டப்பா பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. "எங்களுக்குத் தேத்தண்ணி இருந்தாப் போதும் அம்மா" என்கிறாள் தவமலர். நல்ல டிகிரி காப்பியை ஒரு தடவை குடித்துப் பார், பிறகு சொல் என்றேன். குடித்தாள். பழக்கிவிடுவேன்.

13-10-1996, ஞாயிறு

பழக்க முடியவில்லை. சீட்டில் தேயிலை எழுதிவிட்டேன். சாயங்காலமெல்லாம் ஷேக்ஸ்பியர் பாடம் நடத்துகிற முறை பற்றி அவளோடு சண்டை. மனப்பாடம் கூடாது என்கிறாள். கூடும் என்கிறேன். என்ன சுகமான சண்டை.

19-10-1996, சனி

தவமலர் இன்றைக்கு வந்து நின்ற தோரணையே வேறு. உட்காரவில்லை.

"அம்மா, இந்த மாசம் அரிசியில ரெண்டு கிலோவைக் குறைச்சுப்போட்டு, அதுக்கான காசைக் கையில தருவீங்களோ?"

"எதுக்கு?"

"சின்னச் சின்னத் தேவையள் இருக்கு."

"என்ன தேவைன்னு சொல்லு. சீட்டுல எழுதித் தாரேன்."

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, "ஒண்டுமில்லை அம்மா, விடுங்கோ" என்று போய்விட்டாள். சொல்ல முடியாத தேவை என்றால் அது தேவையில்லாத தேவைதானே? எதற்குக் கொடுக்க வேண்டும்?

5-11-1996, செவ்வாய்

தீபாவளிக்கு மெட்ராஸ். சுந்தர்ராமன் டிக்கெட் அனுப்பிவிட்டான், மகன் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும். திரும்ப இரண்டு வாரத்துக்கு மேலாகும். அதுவரைக்கும் உள்ள சீட்டுகளை முன்னாலேயே எழுதி, தேதி போட்டு, தவமலரிடம் கொடுத்துவிட்டேன். பண்டிகைக்காகச் சர்க்கரை கூடுதல். ஒன்றையும் மறக்கவில்லை. நான் மறப்பதில்லை.

11-11-1996, திங்கள், மெட்ராஸ்

பேத்தி ப்ரீத்தி என்னிடம் ஊர் விஷயம் கேட்டாள். என் சீட்டுத் திட்டத்தைச் சொன்னேன். மருமகளின் சிநேகிதிகள் எல்லாரும் கைதட்டாத குறை. இங்கேயும் இப்படி ஒன்று ஆரம்பிக்கலாம் என்கிறார்கள்!

21-11-1996, வியாழன்

ஊருக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஞானசம்பந்தன் வாசலில் நிற்கிறார், முகம் சரியில்லை.

"அம்மா, விசாரணைக்குக் கூப்பிட்டு ஓலை வந்திருக்கு. சனிக்கிழமை வந்தது, திங்கள்கிழமை காலைல வரச் சொல்லி. நான் மதுரைல கேஸ்ல இருந்தேன். தவமலர் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிட்டு. 'ஆஜராகவில்லை'ன்னு எழுதிட்டாங்க. இப்படியே விட்டா மனுவ முடிச்சுருவாங்க."

"ஏன் மத்தியானமாச்சு? பஸ்ஸு வரலியா?"

அவர் என் பெட்டியைப் பார்த்தார்.

"நடந்து போயிருக்காம்மா."

சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலிக்கு, பத்துப் பன்னிரண்டு மைல். ஐப்பசி கார்த்திகை மழையில். நடந்து.

22-11-1996, வெள்ளி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

முதலில் கடைக்குப் போனேன். அசன் மைதீன் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"நான் காயல்பட்டணத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன் ஆச்சி. மச்சான் தாவூதுதான் கடைல. அந்தப் பிள்ளை வந்து அரிசியத் திருப்பி வச்சிட்டு, பஸ்ஸுக்குத் துட்டு தாங்கன்னு கேட்டிருக்கு. இவன் மாட்டேன்னுட்டான்."

"ஏன்? ஏன் மாட்டேன்னான்? ரெண்டு பஸ் டிக்கெட்டு காசு இல்லியா ஒங்க கடைல?"

தாவூது உள்ளேயிருந்து வந்தார். பயந்துபோயிருந்தார், ஆனாலும் சொன்னார்.

"நீங்கதான ஆச்சி கண்டிஷனாச் சொன்னிய? யாரு கேட்டாலும் கையில காசு தரக் கூடாதுன்னு. நீங்க ஊருல இல்லாத நேரத்துல நான் மாத்திக் குடுத்தா, வந்து என்னயத்தான கேப்பிய?"

கேட்டுத்தான் இருப்பேன்.

அங்கிருந்து மேலத்தெரு. தவமலர் காலை ஒரு பலகையில் தூக்கி வைத்திருந்தாள். பாதமெல்லாம் கொப்பளம் உடைந்திருந்தது. பத்தமடையைத் தாண்டினதும் செருப்பு வார் அறுந்துவிட்டதாம்.

"எதிர்வீட்டு மஹாலக்ஷ்மிட்ட கேக்கப்படாதா? யாருட்டயாவது கேக்கப்படாதாட்டி?" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன்.

"அரிசிக்கு ஊர் முழுக்கக் கை நீட்டியாச்சுது அம்மா. பஸ்ஸுக்கும் வீடு வீடாப் போய் நீட்டச் சொல்லுறீங்களோ?"

"ரெயில்ல ஏறிருக்கலாம்."

"டிக்கெட் இல்லாமலோ? பிடிச்சா, அகதி எண்டு வந்தவள் களவாப் பயணம் செய்தவள் எண்டு அதையும் சேர்த்து எழுதுவினம்."

உள்ளேயிருந்து மாமியார் குரல்: "பிள்ளை, அந்தம்மாவைப் பேசாதை. சோறு போட்டவ."

அது பேசினதைவிட மோசமாக இருந்தது. கொடியில் ஒரு நல்ல பட்டுக்கரைச் சேலை பாதியாகக் கிழிந்து தொங்கியது. அவள் வந்த அன்றைக்குக் கட்டியிருந்த சேலை. சதுரம் சதுரமாகத் துணி மடித்துப் பக்கத்தில் இருந்தது. நானும் பெண்தானே. மாதாமாதம் வருகிற தேவையை ஒருத்தி அசன் மைதீன் தராசுக்கு முன்னால் நின்று, என் கையெழுத்தோடு, எப்படிச் சீட்டில் கேட்பாள்? 'என்ன தேவை, சொல்லு' என்றேனே. மடச்சி.

போர்டிங்கில் எனக்கு வயது பன்னிரண்டு. இவள் முப்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை!

23-11-1996, சனி

அழுதது போதும். வேலை இருக்கிறது.

ஞானசம்பந்தன் வழி சொன்னார். "காய்ச்சல்னு ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிருவோம். எல்லாரும் செய்றதுதான். சுலபமா மறு தேதி கிடைச்சிரும்."

எனக்கு மனசு அதில் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் நன்றாகவே ஓடியது. காய்ச்சல் என்றால் என் பெயர் எங்கேயும் வராது.

தவமலர்தான் மறுத்துவிட்டாள். "வேண்டாம் ஐயா. எனக்கு நடந்ததையெல்லாம் அந்த அதிகாரி நம்ப வேணும். காய்ச்சல் எண்டு பொய்யில தொடங்கினா, பிறகு நான் சொல்லுற உண்மையை ஆர் நம்புவினம்?"

"அப்ப காரணம் என்னன்னு எழுத?"

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. எவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்!

"பேனாவ எடு ஞானசம்பந்தா. இல்ல, நானே எழுதுதேன்" என்றேன்.

25-11-1996, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

வாடகைக் காரில் போனோம். நான் என் சாம்பல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அதிகாரி சின்னப் பெண், ப்ரீத்தியைவிடப் பத்து வயது கூடுதல் இருந்தால் அதிகம். எழுதிக்கொண்டு போனதைக் கொடுத்தேன். அவள் படிப்பதற்குள், எதற்கும் இருக்கட்டும் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். அறையில் இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு போலீஸ்காரர், வேறு வேலையாக வந்திருந்த யாரோ ஒரு குடும்பம். எல்லார் காதிலும் விழுந்தது.

"இந்தப் பெண் தாமதமாக வந்ததற்கு நான் காரணம். உணவுப் பொருள் கொடுத்தேன். காசு கொடுக்கக் கூடாது என்று கடைக்காரருக்கும் உத்தரவு போட்டேன். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து வந்தாள்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "ஏன் பாட்டி காசு குடுக்கல?"

பாட்டி! வேறொரு நாளாக இருந்தால் நான் யார் என்று சொல்லியிருப்பேன்.

"வீணாக்கிருவான்னு நெனச்சேன்."

"எதுல?"

"பூ… சினிமா…"

"நான் மாசாமாசம் பூவும் வாங்குதேன், சினிமாவும் பாக்கேன். என் சம்பளத்த யாரும் சாமானாத் தரலியே?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். காதெல்லாம் சுட்டது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சின்னப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. என் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் மானிட்டராக்கியிருப்பார்கள்.

அவள் தவமலரின் காலைப் பார்த்தாள். கட்டுப் போட்டிருந்தது. பேனாவைத் திறந்து எழுதினாள். மறு விசாரணை, டிசம்பர் ஒன்பதாம் தேதி!

வெளியே வந்ததும் ஞானசம்பந்தன், "அம்மா, சார் இருந்திருந்தா இன்னைக்கு ஒங்கள கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வாதாட விட்டிருப்பாரு" என்றார். கலர் சோடா வாங்கிக் குடித்தோம். மூன்று பேருக்கும் தவமலர் எந்தக் கலர் என்று கேட்டு ஆர்டர் செய்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சிவப்பு.

26-11-1996, செவ்வாய்

சீட்டு ஒழிந்தது. பணத்தைக் கவரில் போட்டுத் தவமலர் கையில் கொடுத்தேன். எதற்கு, எவ்வளவு, மிச்சம் என்ன — ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் வீடு வந்து சேர்வதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

30-11-1996, சனி

தெருவில் பேச்சாகிவிட்டது. மஹாலக்ஷ்மி வந்தாள். "துட்டாக் குடுக்கறதுன்னா எங்களால ஆகாது மாமி. நேத்து அவ கையில கண்ணாடி வளையல் பாத்தேன்."

"நானும் பாத்தேன். பச்சை. நல்லாருக்கு."

"அப்போ அடுத்த மாசத்துலேர்ந்து எங்க பங்கை எடுத்துடுங்கோ."

"எடுத்துட்டேன்."

அவள் பங்கு, அவளைப் பார்த்து நிறுத்தின மற்ற இரண்டு வீட்டுப் பங்கு, எல்லாம் என் கையிலிருந்தே வரட்டும். அசன் மைதீன் தன் பங்கை இரட்டிப்பாக்கிவிட்டார். தாவூது தனியாக ஒன்று கொண்டுவந்து வைத்தார். "என் பேரச் சொல்லாதிய ஆச்சி" என்றார். சொல்லப் போவதில்லை. இங்கே எழுதுவது சொல்வதாகாது.

9-12-1996, திங்கள்

விடியுமுன்னே பஸ் ஏறினோம். மாமியாரும் வந்தாள், வருவேன் என்று ஒரே பிடிவாதம். விசாரணை உள்ளே. நானும் மாமியாரும் வராந்தாவில். அவள் என் கையைப் பிடித்திருந்தாள், நான் அவள் கையைப் பிடித்திருந்தேனா, தெரியவில்லை. வெகுநேரம் கதவு திறக்கவே இல்லை. திறந்தபோது தவமலர் முகம் வெளுத்திருந்தது, ஆனால் தோள் இறங்கியிருந்தது, ஒரு மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி.

"அந்த அதிகாரி எல்லாம் கேட்டவா. எல்லாம் சொன்னனான். ஒரு இடத்தில அவாவும் எழுதுறதை நிறுத்திப்போட்டா."

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

27-12-1996, வெள்ளி

தகவல் இல்லை.

3-1-1997, வெள்ளி

தகவல் இல்லை. தவமலர் தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள், சும்மாதான், காசு வாங்கக் கூடாதே. மஹாலக்ஷ்மியின் மகன் ஹரீஷ் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்! வேண்டுமென்றே அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்தேன், அவ்வளவுதான்.

8-1-1997, புதன்

ஏற்றுக்கொண்டார்கள்! ஏற்றுக்கொண்டார்கள்!

ஞானசம்பந்தன் சைக்கிளைச் சுவரில் சாத்தக்கூட இல்லை, கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். இரண்டு பேருக்கும் முகாமில் இடம், உதவிப் பணம், ரேஷன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து ஒரே பஸ். நானும் தவமலரும் தெருவில் நின்று ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டோம். தெரு பார்த்தது. பார்க்கட்டும்!

மாமியார் மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "இனி ஒருத்தரும் எங்களைப் போ எண்டு சொல்லேலாதோ?"

"சொல்ல மாட்டாவ."

"அப்ப நான் கொஞ்சம் படுக்கட்டே" என்று போய்ப் படுத்துவிட்டாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை.

12-1-1997, ஞாயிறு

முகாமுக்குப் போய்விட்டார்கள். மேலத்தெரு வீட்டைப் பூட்டவில்லை. இன்னொரு குடும்பம் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறதாம், ஞானசம்பந்தன் சொன்னார். கவரைத் தயாராக எடுத்து வைத்துவிட்டேன். தேயிலையா காப்பியா என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

2-2-1997, ஞாயிறு

முகாமுக்குப் போய் வந்தேன். சின்ன அறை, சாக்குத் திரை, வெளியே அடுப்பு. என்னை உள்ளே உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார்கள். சர்க்கரையைக் கையில் வைத்துக் கடித்துக் குடித்தேன். சுமார்தான்.

"முந்தாநாள்தான் முதல் காசு தந்தவை அம்மா" என்றாள் தவமலர். முகமெல்லாம் சிரிப்பு. "வரிசையில நிண்டு, என்ரை பேரைக் கூப்பிட்டு, என்ரை கையில தந்தவை."

அரிசி வாங்கினாயா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நேத்து மாமியும் நானும் படம் பாக்கப் போனனாங்கள்!"

"மாமிக்குத்தான் கண்ணு தெரியாதே?"

"எனக்குக் காது கேக்கும்" என்றாள் மாமியார், கொஞ்சம் கோபமாக. "பாட்டும் கதையும் நான் கேட்டனான். சண்டை வரேக்கை இவ சொன்னவ. பின்னுக்கு இருந்தவங்கள் எங்களைச் சத்தம் போடாதையுங்கோ எண்டு ஏசினவங்கள்."

எந்தக் கட்டத்தில் அழுகை வந்தது என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.